ஓலந்துத் தீவுக் குடும்பத்தின் வேர்: பெட்டியில் இருக்கும் மூன்று எழுத்து யாருடையது?

1. கரையோரன்

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருடமாகப் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் இருக்கிறேன். மனைவியின் சொந்த ஊர் ஓலந்துத் தீவுகளில் ஃபோக்லோ. லும்பர்லாந்துப் பக்கம் ஸ்வீனோ துறையில் காரை ஏற்றினால் அரை மணி நேரத்துக்குள் டேகர்பீயில் இறங்கிவிடலாம்.

ஓலந்து பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடு பின்லாந்து, பேச்சு சுவீடிஷ். மக்கள்தொகை சுமார் 30,000. 1809 வரை சுவீடன் ஆட்சி, அப்புறம் ரஷ்யப் பேரரசு. 1917இல் பின்லாந்து தனி நாடானபோது தீவுக்காரர்கள் சுவீடனோடு சேரவே விரும்பினார்கள். 1921இல் சர்வதேச சங்கம் பின்லாந்துக்கே கொடுத்து, மொழிக்கும் தன்னாட்சிக்கும் உறுதி வாங்கித் தந்தது.

மாமியாருக்கு இப்போது 84 வயது. என் மகள் அவரை ‘மொம்மு’ என்று கூப்பிடுவாள். பின்லாந்து சுவீடிஷில் அம்மாவின் அம்மாவுக்கு அதுதான் பெயர். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பைன் மரப்பெட்டி இருக்கிறது. மங்கிய நீலச் சாயம், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. திறந்தால் இன்னமும் தார் வாசனை அடிக்கும். மூடியின் உள்பக்கம் கத்தியால் வெட்டியது போல ‘ஜே எம் எஸ் 1797’ என்று இருக்கிறது. அந்த ‘எஸ்’ தொலைந்துபோன ஒரு குடும்பப் பெயரின் முதல் எழுத்து என்பது வீட்டில் எல்லாருடைய நம்பிக்கை. இந்தப் பண்ணையில் அப்பனுக்குப் பின் மகன் என்று ஒரே ஆண்வழி நானூறு வருடமாக வருகிறது என்பதும் இன்னொரு நம்பிக்கை.

மொம்மு போன மாதம் என்னிடம், “நான் போவதற்குள் அந்தப் பெட்டிக்காரர் யாரென்று தெரிந்தால் நல்லது” என்றார். எனக்கு அது மனசில் நின்றுவிட்டது. இணையத்தில் யாரோ ஏற்றிய வம்சமரம் ஒன்று கிடைத்தது. 1540 வரை போகிறது, கடைசியில் ஒரு பிரபு குடும்பத்தில் போய் முட்டுகிறது. நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது?

2. ஏட்டுப்பூச்சி

வணக்கம் தம்பி. நான் உப்சாலாவில் இருக்கிறேன். இந்தப் பதிவேடுகளோடு பதினைந்து வருடப் பழக்கம்.

முதல் விஷயம், அந்த ‘எஸ்’ குடும்பப் பெயர் அல்ல. ‘சோன்’, அதாவது மகன். பழைய பெட்டிகளிலும் கரண்டிகளிலும் மூன்று எழுத்து இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான்: தன் பெயர், அப்பா பெயர், பிறகு ஆணுக்கு ‘எஸ்’, பெண்ணுக்கு ‘டி’. ‘டி’ என்றால் ‘டோட்டர்’, மகள். ஆகவே உங்கள் பெட்டிக்காரர் யூஹான் மாட்ஸ்சோன் மாதிரி ஒருவர், மாட்ஸின் மகன் யூஹான் (சுவீடிஷில் ‘ஜே’ எழுத்தை ‘ய’ என்றுதான் சொல்வார்கள்). யூஹான் இல்லாவிட்டால் யாகோப், யோனாஸ் என்று அந்த எழுத்தில் தொடங்கும் வேறு பெயராக இருக்கலாம். அங்கே கிராமத்து மக்கள் பெரும்பாலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற அப்பா பெயரோடுதான் வாழ்ந்தார்கள். எல்லாரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பின்லாந்தில் சட்டம் வந்ததே 1920இல்தான். கல்யாணமான பெண்ணும் தன் அப்பா பெயரையே வைத்துக்கொள்வாள். இது நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை, நாம் இன்றைக்கும் முன்னெழுத்துப் போட்டுத்தான் வாழ்கிறோம்.

இரண்டாவது, அந்த வம்சமரத்தை மூடி வையுங்கள். ஒரே பெயர், கிட்டத்தட்ட ஒரே வயது என்றால் போதும், ஒட்டவைத்துவிடுகிறார்கள். ஒருவர் ஒட்டியதை நாற்பது பேர் நகல் எடுக்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பெயரைத் துரத்தாதீர்கள், பண்ணையைத் துரத்துங்கள். ஓலந்தில் ஆளுக்குப் பெயர் மாறும், வீட்டுக்கு மாறாது. ‘பெல்லாஸ்’ என்று ஒரு வீடு இருந்தால், எந்தக் காலத்திலோ அங்கே பெல்லே என்று ஒருவன் இருந்தான் என்று அர்த்தம். அவன் செத்து முந்நூறு வருடம் ஆனாலும், அங்கே வந்து குடியேறுகிறவன் எல்லாம் ‘பெல்லாஸ் இன்னார்’தான். பண்ணையின் பெயரும் ஊரின் பெயரும் தெரியும் அல்லவா? அது உங்கள் கையில் இருக்கும் பெரிய சாவி.

ஹிஸ்கி என்ற தளத்தில் தொடங்குங்கள். பின்லாந்து வம்சாவளிச் சங்கம் நடத்துவது, இலவசம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், இடப்பெயர்ச்சி நான்கும் சபை வாரியாக இருக்கும். ஆனால் அது பெயர்த்தெழுதிய அட்டவணைதான். அசல் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

3. தரங்கைக்காரன்

இந்த இழையைத் தொடர்கிறேன். எங்கள் லுத்தரன் சபையிலும் பழைய ஞானஸ்நான ரெஜிஸ்டர் உண்டு. தாத்தாவின் பெயரை அதில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயர் ஏர்ன்ஸ்ட் ஹேமன் சுவீடன்காரர், 1921இல் பொறுப்பேற்றவர். அதனால் அந்த ஊர் ஏடுகள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. அக்கா, நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

4. கரையோரன்

நன்றி அக்கா. ‘எஸ்’ என்றால் மகன் என்று சொன்னதும் மொம்மு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எண்பது வருடமாக அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லவா.

ஹிஸ்கியில் தேடினேன். எங்கள் கிராமத்திலேயே பொருந்துகிற ஞானஸ்நானம் இரண்டு இருக்கிறது. ஒருவர் 1768, அடுத்த பண்ணைப் பிள்ளை. இன்னொருவர் 1773, எங்கள் பண்ணையிலேயே பிறந்தவர். இருவருக்கும் ஒரே பெயர், இரண்டு அப்பாவுக்கும் மாட்ஸ் என்றே பெயர். 1773காரர்தான் நம் ஆள் என்று நினைக்கிறேன். பெட்டி இந்த வீட்டில்தானே இருக்கிறது?

5. நாடித்துடிப்பு

வம்சாவளி எனக்குத் தெரியாது, நான் ரத்த நோய் மருத்துவர். ஆனால் ஃபோக்லோ என்ற பெயரைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. எங்கள் துறையில் அந்தத் தீவின் பெயர் தெரியாதவர்கள் குறைவு.

1924இல் ஃபோக்லோவிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சிங்கிக்குக் கொண்டுவந்தார்கள். சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. அவள் உடன்பிறந்தவர்களில் சிலர் ஏற்கெனவே ரத்தப்போக்கில் இறந்திருந்தார்கள். எரிக் அடோல்ஃப் ஃபான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் அவளை மட்டும் சோதித்து நிறுத்தவில்லை, குடும்பத்தையே எழுதிப் பார்த்தார். 66 பேர் கொண்ட வம்ச வரைபடம், அதில் 23 பேருக்கு ரத்தப்போக்கு. அதுவரை தெரிந்திருந்த ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண்களைத்தான் தாக்கும். இந்தக் குடும்பத்திலோ பெண்களும் ஆண்களும் இருவருமே பாதிக்கப்பட்டிருந்தார்கள், சொல்லப்போனால் பெண்கள்தான் அதிகம். இது வேறு நோய் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்ததில் அந்த வரைபடத்துக்குப் பெரிய பங்கு. 1926இல் சுவீடிஷ் மொழியில் கட்டுரை வெளியிட்டார். அந்தச் சிறுமி வளரிளம் பருவத்திலேயே ரத்தப்போக்கால் இறந்துபோனாள். இன்று உலகம் முழுக்க அந்த நோய்க்கு ஃபான் வில்லிபிராண்ட் நோய் என்று பெயர். பரம்பரையாக வரும் ரத்தப்போக்கு நோய்களில் இதுதான் மிகப் பரவலானது. தமிழ்நாட்டில் என்னிடம் வரும் பெண்களிலும் சிலருக்கு இருக்கிறது. பல வருடம் ‘மாதவிலக்கு அதிகம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர்கள்.

நண்பரே, மொம்முவின் வம்சத்தை எழுதும்போது ஒரு நிரல் கூடுதலாகப் போடுங்கள்: யார் எதனால் இறந்தார். பேத்திக்கு அது ஒருநாள் உதவலாம்.

அப்புறம், மரபணுச் சோதனை செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சின்னத் தீவில் நூற்றாண்டுக்கணக்கில் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்திருப்பார்கள். மூன்றாம் முறை உறவு என்று சோதனை சொல்கிற ஆள், உண்மையில் ஆறு வழியில் தூரத்து உறவாக இருப்பார். எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

6. கரையோரன்

டாக்டர், இது எனக்குத் தெரியவே தெரியாது. மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளியில் படித்திருக்கிறாளாம், “அது எங்கள் ஊர்ச் சிறுமி” என்றாள். இறப்புக் காரணத்துக்கு ஒரு நிரல் போட்டுவிட்டேன்.

7. ஏட்டுப்பூச்சி

டாக்டரின் பதிவுக்கு நன்றி. வம்சாவளி வெறும் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களிடம் இனி இதைத்தான் காட்டப் போகிறேன்.

தரங்கைக்காரருக்கும் கரையோரனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிறப்பு, இறப்பு ஏட்டை விட முக்கியமான ஒன்று உண்டு. பின்லாந்தில் ‘கொம்முனியூன்ஸ்பூக்’ என்பார்கள், திருவிருந்துப் பேரேடு. 1686ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு வீட்டில் இருப்பவர்களையும் போதகர் எழுதி வைக்க வேண்டும் என்றது. அவர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து, எல்லாரையும் உட்காரவைத்து, புத்தகம் வாசிக்கச் சொல்லி, லுத்தரின் ஞானோபதேச வினாவிடையைக் கேட்பார். யார் நன்றாக வாசிக்கிறார், யார் தடுமாறுகிறார் என்று கட்டத்தில் குறியிடுவார். திருவிருந்துக்கு வந்த தேதிகளும் இருக்கும். அந்தத் தேதிகள் எங்கே நிற்கின்றனவோ, அங்கே ஆள் போய்விட்டார் அல்லது இறந்துவிட்டார்.

பக்கத்தின் தலையில் ஊர், அடுத்து பண்ணை. கீழே வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரன், வேலைக்காரி, ஒண்டிக் குடியிருக்கும் கிழவி வரை வரிசையாக வருவார்கள். ஒருவர் இறந்தால் ஒரு கோடு, வேறு ஊர் போனால் ஒரு கோடு. பத்து வருடத்தில் அந்தப் பக்கம் கோடும் கிறுக்கலுமாக ஆகிவிடும். எனக்கு அதைப் பார்த்தால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

தம்பி, பெட்டி அங்கே இருப்பதால் பெட்டிக்காரர் அங்கே பிறந்தவர் என்று ஆகாது. 1790களின் பேரேட்டில் உங்கள் பண்ணைப் பக்கத்தைத் திறங்கள். அதோடு 1773காரருக்கு அடக்கப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் வைக்கும் முறையையும் கவனியுங்கள். முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைப்பது வழக்கம். பேரன் என்றால் பெயரன் என்று நாம் சொல்கிறோமே, அதே கணக்கு. ஒரு குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைத்துவிடுவார்கள், அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

8. வடகடல்

நான் தாலினில் இருக்கிறேன். என் அலுவலகத் தோழி ஒருவருடைய குடும்பம் ஓர்ம்சோ தீவு. எஸ்தோனியர்கள் வோர்ம்சி என்பார்கள். அங்கேயும் 1944 வரை சுவீடிஷ் பேசினார்கள். அவர் வேரைத் தேட உதவினேன், அங்கே முறையே வேறு.

எஸ்தோனியப் பகுதியில் நிலம் ஜெர்மானியப் பிரபுக்களிடம், ஏடு ஜெர்மன் மொழியில். 1890களில் ரஷ்ய மொழிக்கு மாறிவிடும். ரஷ்ய அரசு வரிக்காக ஆட்களை எண்ணிய பட்டியல்கள்தான் முதுகெலும்பு: 1782, 1795, 1811, 1816, 1834, 1850, 1858. 1811இல் ஆண்களை மட்டும் எழுதினார்கள் என்பதை மறக்கக் கூடாது. பண்ணை எண் வாரியாக இருப்பதால் ஒரு பட்டியலிலிருந்து அடுத்ததுக்குத் தாண்டிப் போகலாம். குடும்பப் பெயர் 1835 வாக்கில்தான் வருகிறது. எல்லாமே எஸ்தோனிய ஆவணக் காப்பகத்தின் சாகா தளத்தில் இலவசமாக இருக்கிறது.

தேதியில் ஒரு கண்ணி உண்டு. அங்கே 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்குப் பன்னிரண்டு நாள் கூட்ட வேண்டும். ஓலந்திலும் ரஷ்ய ஆட்சிதானே, அங்கேயும் இப்படியா?

1944இல் ஓர்ம்சோ மக்களில் பெரும்பாலானவர்கள் சுவீடனுக்குப் போய்விட்டார்கள். அதே போலச் சுவீடிஷ் பேசிய ரூனோ தீவில் இரண்டு குடும்பம் மட்டும் மிச்சம் நின்றது. ஓர்ம்சோ புனித ஓலாவ் கோயிலின் இடுகாட்டில் வட்டத்துக்குள் சிலுவை வைத்த கற்கள் முந்நூறுக்கும் மேல் நிற்கின்றன. தோழி அங்கே வந்தபோது பெயர் படித்துப் படித்து நடந்தார், நான் பின்னால் நடந்தேன். அவருக்கு எழுத்தைவிட, ஒவ்வொரு பண்ணைக்கும் அடையாளமாக வெட்டிய பண்ணைக் குறிகள்தான் சட்டென்று தெரிந்தன.

9. ஏட்டுப்பூச்சி

வடகடல், நல்ல கேள்வி. ஓலந்தில் அந்தத் தொல்லை இல்லை. சுவீடன் 1753இல் புது நாட்காட்டிக்கு மாறியது, பின்லாந்தும் அப்போது அதோடு சேர்ந்தே மாறியது. 1809இல் ரஷ்யாவிடம் போன பிறகும் அவர்கள் புது நாட்காட்டியை விடவில்லை.

10. கரையோரன்

ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. கண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பண்ணையில் 1773இல் பிறந்த பிள்ளைக்கு அடக்கப் பதிவு கிடைத்துவிட்டது. 1791, வயது 18. பக்கத்தில் ‘ட்ருக்னாடே’ என்று இருக்கிறது, நீரில் மூழ்கி இறந்தான். தேதி 14, மாதம் 8. ஆகஸ்ட். ஆக, 1797இல் பெட்டி செய்தவன் அவனாக இருக்க முடியாது.

அப்புறம் திருவிருந்துப் பேரேடு. 1790களின் பக்கத்தில் வீட்டுக்காரர் மாட்ஸ், மனைவி, கோடு போட்டு அடித்த ஒரு மகன், ஒரு மகள். அந்த மகளுக்குக் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில், யூஹான் மாட்ஸ்சோன், பிறந்த வருடம் 1768! பெயருக்கு முன்னால் மூன்று எழுத்தில் ஒரு சொல். ‘மோக்’ மாதிரி இருக்கிறது. எனக்குப் புரியவில்லை.

11. ஏட்டுப்பூச்சி

தம்பி! ‘மோக்’ என்றால் மருமகன். அடுத்த பண்ணைப் பிள்ளை உங்கள் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்திருக்கிறார். சுவீடிஷில் அதற்கென்றே ‘ஹெம்மோக்’ என்று சொல் உண்டு, அப்படியே வீட்டு மருமகன்தான். ஒரே மகன் கடலில் போய்விட்டான். நிலத்துக்கும் படகுக்கும் வலைக்கும் ஆள் வேண்டும். மகளுக்குக் கல்யாணம் செய்து மாப்பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டார்கள். கல்யாண ஏட்டில் 1797 பாருங்கள். பெட்டியின் வருடம் அதுதான் என்று பந்தயம் கட்டுவேன்.

இன்னொன்றும் தெரிகிறதா? நானூறு வருட ஆண்வழி என்பது இல்லை. இந்தப் பண்ணையின் ரத்தம் அந்த மகள் வழியாகத்தான் வந்திருக்கிறது. அவள் பெயர் என்ன?

அப்புறம் அந்தத் தேதியை அவசரப்படாமல் பாருங்கள். எட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ‘பிரிஸ்’ என்றோ ‘ப்ர’ என்றோ இருக்கிறதா? இருந்தால் அது ஆகஸ்ட் இல்லை. லத்தீனில் ஏழு செப்டம், எட்டு ஆக்டோ, ஒன்பது நோவம், பத்து டெகெம். போதகர்கள் அந்த நான்கு மாதத்தையும் இப்படி எண்ணில் எழுதுவார்கள். ‘8பிரிஸ்’ என்றால் அக்டோபர். நான் தொடக்கத்தில் இதில் தடுக்கி, ஒரு குழந்தையைப் பிறப்பதற்கு முன்பே அடக்கம் செய்து வைத்திருந்தேன்.

12. கரையோரன்

அக்கா, ‘பிரிஸ்’ இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகவே தெரிகிறது. அக்டோபர் 14.

கல்யாணம் 1797 ஜூன். பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள்.

அவள் பெயர் பிரிட்டா. மாட்ஸின் மகள். இதைத் தட்டச்சு செய்யும்போதே கை நடுங்குகிறது. மொம்முவின் சமையலறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. முழம் ஒன்றரை நீளம், மேலே குதிரை வடிவத்தில் கைப்பிடி, உடம்பெல்லாம் பூ வேலை. துணியை உருளைக் கட்டையில் சுற்றி, இந்தப் பலகையால் அழுத்தி உருட்டிச் சுருக்கம் எடுப்பார்களாம், இஸ்திரிப் பெட்டி வருவதற்கு முந்தைய காலத்தில். அதன் நுனியில் ‘பி எம் டி’ என்று வெட்டியிருக்கிறது. வருடம் கிடையாது. யாரோ ஏலத்தில் வாங்கி மாட்டியது என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

பிரிட்டா, மாட்ஸ், டோட்டர்.

13. ஏட்டுப்பூச்சி

எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பலகையை நிச்சயமான பெண்ணுக்கு மாப்பிள்ளையே தன் கையால் செதுக்கிக் கொடுப்பது வட ஐரோப்பிய நாடுகள் முழுக்க இருந்த வழக்கம். குதிரைக் கைப்பிடியும் அதன் அடையாளம்தான். உங்கள் பெட்டியில் இருக்கும் ‘எம்’ எழுத்தையும் பலகையில் இருக்கும் ‘எம்’ எழுத்தையும் அருகருகே படம் எடுத்துப் போடுங்கள். ஒரே கத்தியா, ஒரே கையா என்று பார்ப்போம்.

14. தரங்கைக்காரன்

படம் போடுங்கள் அண்ணா, காத்திருக்கிறோம்.

15. கரையோரன்

போட்டுவிட்டேன். எனக்கு இரண்டிலும் ‘எம்’மின் நடுக்கோடு கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது போலத் தெரிகிறது. ஆசையில் அப்படித் தெரிகிறதோ என்னவோ, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி. மாட்ஸின் தாத்தா வரை, 1720கள் வரை போய்விட்டேன். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வரிப் பட்டியலில் பண்ணைப் பெயருக்கு எதிரே ‘ஓதே’ என்று மட்டும் இருக்கிறது.

16. ஏட்டுப்பூச்சி

‘ஓதே’ என்றால் பாழ், ஆள் இல்லை. ஓலந்தில் வேர் தேடுகிற எல்லாரும் வந்து நிற்கும் இடம் அது.

1714 கோடையில் ஹாங்கோ பக்கம் நடந்த கடற்சண்டையில் ரஷ்யப் படகுப்படை ஜெயித்தது. அடுத்து ஓலந்துதான் என்று தெரிந்ததும் தீவே கிளம்பிவிட்டது. மாடு கன்றை விட்டுவிட்டு, கிடைத்த படகில் ஏறி மேற்கே சுவீடனின் ரூஸ்லாகன் கரைக்குப் போனார்கள். சில வருடத்துக்குத் தீவுகள் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடந்தன. அந்தக் காலத்துக்கு ‘ஸ்தூரா ஊஃப்ரேடன்’ என்று பெயர், அமைதியில்லாத பெருங்காலம். 1719இல் ரஷ்யப் படை ரூஸ்லாகன் கரையையும் எரித்தது. ஓடிப்போன இடத்திலும் நெருப்பு. 1721இல் ரஷ்யாவோடு நீஸ்டாட் சமாதானம் ஆன பிறகுதான் திரும்பினார்கள். கோயில் ஏடுகள் சிதைந்து போயிருந்தன.

ஆனால் சுவர் என்று நின்றுவிடாதீர்கள். மூன்று வாசல் இருக்கிறது.

ஒன்று, மேற்குக் கரைச் சபைகளின் ஏடு. வெட்டோ, ஹேவரோ போன்ற ஊர்களில் 1714 முதல் 1721 வரை பாருங்கள். ‘ஓலந்திலிருந்து வந்தவர்’ என்று குறித்த ஞானஸ்நானமும் அடக்கமும் கிடைக்கும். சுவீடன் தேசிய ஆவணக் காப்பகம் 2018 முதல் எல்லாப் படங்களையும் இலவசமாகத் திறந்துவிட்டது.

இரண்டு, வரிப் பட்டியல். திரும்பி வந்த பின் 1722, 23 பட்டியலில் யார் பெயர் வருகிறது, 1713 பட்டியலில் யார் பெயர் இருந்தது என்று ஒப்பிடுங்கள். பாழ் நிலத்தை வேறு ஆட்களும் எடுத்துக்கொண்டார்கள், ஆகவே பெயர் பொருந்தினால்தான் குடும்பம். தலைவரிப் பட்டியலில் கிழவர்கள் இருக்க மாட்டார்கள். 63 வயது தாண்டினால் வரி கிடையாது, பெயரும் வராது. பெயர் மறைந்ததும் இறந்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்று, அதற்கும் பின்னால். குஸ்தாவ் வாசா அரசரின் காலம் தொட்டு நிலவரிக் கணக்கு இருக்கிறது. 1571இல் டென்மார்க் பிடித்து வைத்திருந்த கோட்டையை மீட்கப் பணம் கட்ட, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை மாடு, எவ்வளவு வெள்ளி, செம்பு என்று எண்ணிப் பத்தில் ஒரு பங்கு வாங்கினார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் கிராமம் இருந்தால், பண்ணையில் அன்றைக்கு எத்தனை பசு நின்றது என்றுகூடத் தெரியும். ஆனால் அந்த ஆள் உங்கள் பாட்டன் என்று 1713ஐத் தாண்டி அடித்துச் சொல்ல முடியாது. ‘பண்ணையின் முன்னோர்’ என்று எழுதுங்கள், ‘குடும்பத்தின் முன்னோர்’ என்று எழுதாதீர்கள். அந்த வம்சமரத்துக்காரர்கள் செய்யத் தவறியது இதைத்தான்.

17. வடகடல்

அக்கா, இடைமறிக்கிறேன். தாய்வழியில் ‘ரஷ்யச் சிப்பாய்’ ஒருவர் இருந்தார் என்று பல ஓலந்துக் குடும்பங்களில் சொல்வார்களாமே, என் தோழியின் கணவர் வீட்டிலும் அந்தப் பேச்சு உண்டு. அதைப் பார்க்க முடியுமா?

18. ஏட்டுப்பூச்சி

முடியும், ஆனால் கடினம். ஓலந்தில் ரஷ்யர்கள் கட்டிய பூமர்சுண்ட் கோட்டைக்காக 1830கள் தொட்டு ரஷ்யப் பேரரசின் பல மூலைகளிலிருந்து சிப்பாய்களும் வேலையாட்களும் வந்தார்கள். எதிரே ப்ரெஸ்தோ தீவில் ஆர்த்தடாக்ஸ், யூதர், முஸ்லிம் என்று தனித்தனி இடுகாடு இன்றைக்கும் இருக்கிறது. 1854 ஆகஸ்டில் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து, வெடி வைத்துத் தகர்த்தது. குழந்தை திருமணத்துக்கு வெளியே பிறந்தது என்றால் போதகர் அப்படியே குறிப்பார், அப்பா இடம் காலியாக இருக்கும். சிப்பாய் என்று பாட்டி சொன்னதற்கு மரபணு ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் பேச்சாகவே எழுதி வையுங்கள். கதையையும் அழிக்காதீர்கள்.

19. கரையோரன்

நீண்ட நாள் கழித்து வருகிறேன். இரண்டு செய்தி.

வெட்டோ ஏட்டில் எங்கள் கிராமத்தின் பெயரோடு 1716இல் ஒரு ஞானஸ்நானம் கிடைத்தது. குழந்தையின் பெயரும் அப்பா பெயரும் எங்கள் மாட்ஸின் அப்பாவோடு பொருந்துகிறது. வயதும் பேரேட்டில் உள்ள வயதோடு ஒரு வருட வித்தியாசத்தில் நிற்கிறது. ஓடிப்போன இடத்தில் பிறந்த பிள்ளையோடு திரும்பி வந்து, அவன் அப்பா பாழ் பண்ணையை எடுத்திருக்கிறார். அக்கா சொன்னது போல ‘பெரும்பாலும்’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மரியேஹாம்ன் ஆவணக் காப்பகத்துக்குப் போய் நிலத் தகராறு வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.

இரண்டாவது, போன ஞாயிறு எல்லாவற்றையும் அச்செடுத்து மொம்முவிடம் கொண்டுபோனோம். ஆண்வழி இல்லை என்றதும் வருத்தப்படுவாரோ என்று மனைவிக்குக் கவலை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் அந்தப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றி வந்து, துணியால் துடைத்து, பெட்டியின் மேல் வைத்தார். என் மகளைக் கூப்பிட்டு ‘டி’ எழுத்தின் மேல் அவள் விரலை வைத்து, “இது டோட்டர்” என்றார்.

பிறகு அந்த அடக்கப் பக்கத்தைக் கேட்டார், பதினெட்டு வயதுப் பையனுடையது. கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். எந்த மாதம் என்று கேட்டார். முதலில் ஆகஸ்ட் என்று நினைத்தோம், அக்டோபராம் என்றேன்.

“அக்டோபரா? அப்படியானால் ஸ்த்ரோம்மிங் வலை எடுக்கப் போயிருப்பான்” என்றார். ஸ்த்ரோம்மிங் என்பது அந்தக் கடலில் கிடைக்கும் சின்ன மத்தி மாதிரி மீன், இலையுதிர் காலத்தில் வலை போடுவார்கள். “அப்பாவும் அந்த மாதம்தான் பயப்படுவார். இருட்டிய பிறகு அம்மா விளக்கைக் கடல் பக்க ஜன்னலில் வைப்பாள்.”

அந்த ஜன்னல் இன்னமும் இருக்கிறது. போகும்போது மகள் கேட்டாள், அந்தப் பையனுக்கும் நம் மரத்தில் ஒரு கட்டம் போடலாமா என்று. அவனுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆனாலும் பிரிட்டாவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டோம்.